டிங் ம் ஸொன்: 10 பாடம், 9,000 ரூபாய்

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, எங்கள் அலுவலக வாட்ஸாப் குழுவில் ஹாங்காங் அக்கா ஒருவர் நாலே நாலு சீன எழுத்துகளைப் போட்டார். போனில் இருக்கிற மொழிபெயர்ப்பில் அதைப் போட்டுப் பார்த்தேன். 'உன் நுரையீரலை முட்டு' என்கிற மாதிரி ஏதோ வந்தது. பாவம், நெஞ்சில் சளி போலிருக்கிறது என்று நினைத்து, 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்நீர் குடியுங்கள்' என்று ஆங்கிலத்தில் பதில் போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் 11 பேர் வரிசையாகச் சிரித்தார்கள்.

நுரையீரலுக்கு ஒன்றுமில்லை. ஒரு கப்பல் மூன்றாவது தடவையாகத் தேதி மாறியிருந்தது. 'டிங் நெய் கோ ஃபய்' என்பது அங்கே தலையில் அடித்துக்கொண்டு சொல்கிற சொல். நம் 'அட எழவே' மாதிரி. கெட்ட வார்த்தைக்கு ஒரு படி கீழே.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். ஹாங்காங் சரக்கு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கப்பல் ஆவணங்கள் தயார் செய்கிறேன்: பில் ஆஃப் லேடிங், கன்டெய்னர் எண், எடை, இதெல்லாம். அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் எனக்கு 6:30. அம்மா வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும்போது நான் ஏற்கெனவே இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன். வேலை ஆங்கிலத்தில். புலம்பல் மட்டும் காண்டனீஸில், அதாவது ஹாங்காங் ஆட்கள் பேசுகிற சீனத்தில். ஒரு அலுவலகத்தில் புலம்பல் புரியவில்லை என்றால் நீங்கள் அங்கே வேலை பார்க்கவில்லை, வாடகைக்கு இருக்கிறீர்கள். அந்த வெந்நீர் விவகாரத்துக்குப் பிறகு காண்டனீஸ் வகுப்பில் சேர்ந்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நான் சேர்ந்தது, வீடியோவில் ஒருவருக்கு ஒருவர் என்று பாடம் சொல்லித்தரும் ஒரு இணையதளம். பெயர் சொல்லவில்லை, குறைகளும் எழுதப் போகிறேன், எதற்கு வம்பு. 10 பாடம், ஒன்று 45 நிமிடம். மொத்தம் 9,000 ரூபாய் என்று திரையில் காட்டியது. வெளிநாட்டுப் பணமாற்றக் கட்டணம் சேர்ந்து என் கார்டில் 9,300-ஐத் தாண்டியது. இலவசச் செயலி எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். சீனம் என்று தேடினால் பெரும்பாலும் சீனாவின் பொது மொழியான மாண்டரின்தான் வருகிறது. ஹாங்காங் ஆட்கள் வாயில் பேசுவது, வாட்ஸாப்பில் தட்டுவது அது இல்லை.

ஆசிரியை ஹாங்காங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்கள் ஊர்ப் பள்ளிகளில் டீச்சரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்களாம். நமக்கும் அதே பழக்கம்தானே. முதல் நாளிலேயே அந்தக் கூச்சம் போய்விட்டது.

தளம் தருகிற பாடத்திட்டம் விமான நிலையம், ஓட்டல், 'இது எவ்வளவு விலை' என்று போகும். நான் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன்: "மிஸ், எனக்கு ஓட்டல் வேண்டாம். கஷ்டம் வந்தா உங்க ஆளுங்க என்ன சொல்லி சமாளிக்கிறாங்களோ, அதை மட்டும் சொல்லிக்கொடுங்க." அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் 10 பாடம் போதாது என்றார். உண்மைதான், போதவில்லை.

முதல் இரண்டு பாடங்கள் ஒலிக்கே போயின. இங்கேதான் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது. அரிச்சுவடியில் ங என்று ஓர் எழுத்து வைத்திருக்கிறோமே, படம் போட ஒரு சொல் கிடைக்காமல் குழந்தைப் புத்தகக்காரர்கள் திண்டாடுகிற எழுத்து, அதற்கு 3,900 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் முழுநேர வேலை கிடைத்திருக்கிறது. 'நான்' என்பதற்கு அவர்கள் 'ஙோ' என்கிறார்கள். கஷ்டப்பட்டு நாளைக் கழிப்பதற்கு 'ஙாய்'. ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர்களுக்கு இந்த ஙா வரவே வாரக்கணக்கில் ஆகுமாம். நான் முதல் தடவையிலேயே சொன்னதும் மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே இப்போதைய இளசுகள் ங-வை விழுங்கிவிட்டு வெறும் 'ஓ' என்று சொல்வதாகவும், பெரியவர்கள் அதைச் 'சோம்பேறி ஒலி' என்று திட்டுவதாகவும் சொன்னார். நம் ழகரக் கதைதான்.

குறில் நெடிலும் நமக்குக் கைகொடுக்கிறது. 'ஸம்' என்றால் இதயம், 'ஸாம்' என்றால் மூன்று. அந்த அகர ஆகாரத்தைக் கேட்டுப் பிரிப்பது நமக்குச் சின்ன வேலை. அவர்கள் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுத யூட்பிங் என்று ஒரு முறை இருக்கிறது. ஹாங்காங் மொழியியல் கழகம் 1993-இல் கொண்டுவந்தது. அதில் குறிலுக்கு ஒரு ஏ, நெடிலுக்கு இரண்டு ஏ. நான் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலேயே எழுதிக்கொண்டேன். பக்கத்தில் சுரத்துக்கு, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்துக்கு, 1 முதல் 6 வரை எண். அது மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

சரி, யோகம் அவ்வளவுதான். மூச்சு விட்டுச் சொல்கிற டகரம், மூச்சு விடாமல் சொல்கிற டகரம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. மூச்சில்லாத 'டய்2' என்றால் தாங்குவது. மூச்சோடு சொன்னால் பார்ப்பது. நான் 'தாங்கு' என்று சொல்லும்போதெல்லாம் மிஸ் காதில் 'பார்' என்று விழுந்தது. அப்புறம் நம் நாக்கு எந்த வல்லினத்தையும் உகரம் சேர்க்காமல் முடிக்காது. 'ஸிக்' என்றால் சாப்பிடுவது. நான் 'ஸிக்கு, ஸிக்கு' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அங்கேயே நிறுத்து, வெளியே விடாதே என்று அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மூன்றாவது பாடம் வரை ஸிக்குதான்.

மூன்றாவது பாடத்தில் என் பழைய நண்பன் டிங் வந்தான்.

தளம் அனுப்பிய பயிற்சித்தாளில் டிங்2 என்பதற்கு ஆங்கிலத்தில் 'டாலரேட்' என்று இருந்தது. யன்2 என்பதற்கும் டாலரேட். ஙாய்4 என்பதற்கு எண்ட்யூர், அடைப்பில் மறுபடி டாலரேட். ஙாங் ஸிக் என்பதற்கும் அதேதான். நாலு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்றால் எதற்கு நாலு சொல்? மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் மேசையில் இருந்த புத்தக அடுக்கு சாய்கிற மாதிரி வைத்து, கீழேயிருந்து உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தார். "இது டிங் ஜ்யூ" என்றார். அப்புறம் கையை லேசாக நடுங்கவிட்டு, அடுக்கைச் சரியவிட்டார். "இது டிங் ம் ஸொன்."

எனக்கு உடனே எங்கள் கொல்லை வாழைதான் தெரிந்தது. தார் தள்ளியதும் மரம் ஒரு பக்கமாகச் சாயும். சவுக்குக் கழியை ஊன்றி முட்டுக் கொடுப்போம். கழி கனத்தைக் குறைக்காது, மரத்தை நிமிர்த்தியும் விடாது. தார் வெட்டுகிற வரைக்கும் விழாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். டிங் ஜ்யூ அதுதான். டிங் ம் ஸொன் என்றால் முட்டு நிற்கவில்லை. இதை ஆங்கிலத்தில் மிஸ்ஸுக்கு விளக்க, போனோடு கொல்லைக்கே போய் வாழையைக் காட்டினேன். அந்த 45 நிமிடத்தில் 10 நிமிடம் வாழைக்குப் போனது. நஷ்டமில்லை.

'டிங் ஙாங் ஸோங்' என்று இன்னொன்று. சுமைதூக்கிகள் வாயிலிருந்து வந்தது. தாங்கு, இறுக்கிப்பிடி, ஏறு. நம் ஐலசா மாதிரி, ஆனால் அர்த்தத்தோடு. அலுவலகத்தில் மாதக் கடைசியில் இதை யாராவது போடாமல் இருப்பதில்லை.

அன்றைக்குப் பேச்சு எப்படியோ புயலுக்குப் போயிற்று. ஹாங்காங்கில் புயலுக்கு எண் ஏற்றுகிறார்கள். 8 ஏறினால் அலுவலகம் மூடி வீட்டுக்குப் போகலாம். எங்களுக்கும் நாகைத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள் என்றேன். 2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, மாங்குட் புயலுக்கு அங்கே உச்ச எண்ணான 10 ஏறியது. அதற்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில் இங்கே கஜா கரையேறியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாங்குட்டுக்கு மறுநாள் திங்கட்கிழமை. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, பேருந்துகள் பெரும்பாலும் ஓடவில்லை, அரசு விடுமுறையும் விடவில்லை. டாய் வாய் ரயில் நிலையத்தில் ஜனம் நெரிந்துகொண்டு நின்றது. மிஸ்ஸும் அந்தக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றவர். பக்கத்தில் நின்ற ஆள் சத்தமாக 'டிங் ம் ஸொன்' என்றாராம். சொல்லிவிட்டு, ரயில் வந்ததும் முண்டியடித்து ஏறி வேலைக்குத்தான் போனாராம். அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று பயிற்சித்தாளில் எங்கும் இல்லை: 'தாங்கலை' என்பது தாங்கிக்கொண்டிருக்கிறவன் சொல்வது. அம்மா தினம் எட்டு தடவை "என்னால முடியலடா சாமி" என்று சொல்லிக்கொண்டே இட்லிக்கு ஆட்டுகிறாளே.

எங்கள் பக்கம் கஜாவுக்குப் பிறகு 20 நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. தென்னை 14 போயிற்று. அப்பா விழுந்த மரங்களை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னது, "சரி, ஓட்டுவோம்."

அடுத்த பாடத்தில் ஙாய் வந்தபோது எனக்கு அந்த 'ஓட்டுவோம்' கேட்டது. ஙாய் என்பது முட்டு இல்லை. அது நீளம். இன்றைக்கு, நாளைக்கு, இந்தப் பட்டம் முடிகிற வரைக்கும் என்று தள்ளுவது. 'ஙாய் ஸய்காய்' என்று ஒரு தொடர்: நேர் அர்த்தம் 'உலகத்தை ஙாய்ப்பது'. பிழைப்பை ஓட்டுவது என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், ஒரு நூல் பிசகாது. 'ஙாய் யே' என்றால் இரவு கண்விழிப்பது. ஹாங்காங்கில் பரீட்சைக்கும் கூடுதல் நேர வேலைக்கும் சொல்கிறார்கள். இங்கே முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில் அப்பா டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ராத்திரி மடையில் போய் உட்காருவார். நம் முறை வரும்போது ஆள் இல்லை என்றால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். "அதுவும் ஙாய் யேதான்" என்று மிஸ் ஒப்புக்கொண்டார். மறுவாரம் அப்பா கிளம்பும்போது, "என்னப்பா, ஙாய் யேவா?" என்றேன். "காலையில ஆறு மணிக்கு எழுந்து கம்ப்யூட்டர்ல குந்தறவன் பேசாத" என்றார்.

யன்2 பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சீன எழுத்தில் மேலே கத்தியின் வெட்டுமுனை, கீழே இதயம். இதைச் சுவரில் மாட்டுகிற தத்துவமாக ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள் போல. மிஸ்ஸே அலுத்துப்போய்த்தான் சொன்னார். எனக்கு உபயோகமாக இருந்தது வேறு: சிரிப்பை யன், இருமலை யன், ஒன்றுக்கு வந்தால் யன். அப்படியென்றால் அது 'பொறுத்துக்கொள்' இல்லவே இல்லை. அது 'அடக்கு'. கோபத்தையும் அடக்கலாம், மூத்திரத்தையும் அடக்கலாம். இரண்டையும் ரொம்ப நேரம் முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நாலாவது, 'ஙாங் ஸிக்': கடினமாய்ச் சாப்பிடு. வேறு யாரோ செய்த தப்பை, யாரோ வைத்த செலவை, நம் தட்டில் கொட்டிவிட்டால் மென்று முழுங்குவது.

முட்டு, ஓட்டு, அடக்கு, முழுங்கு. நாலும் எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிறவை. பயிற்சித்தாளை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறவர்கள் நாலையும் ஒரே கஞ்சியாகக் கரைத்துவிட்டார்கள். இந்தத் தளத்தின் மேல் எனக்கு இருக்கிற முதல் வருத்தம் அதுதான். தமிழில் தரவேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு படமோ ஒரு சூழ்நிலையோ போட்டிருக்கலாம். மிஸ் புத்தக அடுக்கைப் பிடித்துக் காட்டியிருக்காவிட்டால் நான் நாலையும் கலந்து அடித்து, மறுபடி வெந்நீர் குடிக்கச் சொல்லியிருப்பேன்.

ஆறாவது பாடம் கருவாடு. இதற்காகவே 900 ரூபாய் தகும்.

'ஸிக் டக் ஹாம் யூ, டய் டக் ஹொட்'. கருவாடு தின்னத் தெரிந்தால் தாகமும் தாங்கத் தெரிய வேண்டும். கேட்டதும் துள்ளினேன்: "மிஸ், எங்ககிட்டயும் இருக்கு! உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்!" அவர் அர்த்தம் கேட்டார். தப்பு செய்தவன் அதற்கான தண்டனையை அனுபவிப்பான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். அங்கே தப்பு என்ற பேச்சே இல்லை. கருவாடு தின்றது குற்றமில்லை, ஆசை. ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டாய், அதோடு வருகிற தாகமும் உன்னுடையதுதான். வாடகை குறைச்சல் என்று மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்தவன் ராத்திரி சத்தத்துக்கு அழக்கூடாது, அதற்கு இது. உப்பும் தண்ணீரும் ஒன்றே என்றாலும் நம்முடையதில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது, அவர்களுடையதில் ஒரு கடைத்தெரு இருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் நாகப்பட்டினத்து நெத்திலிக் கருவாடு வறுத்திருந்தாள் அம்மா. வாசனை பக்கத்து வீட்டு ஆச்சி வரைக்கும் போயிருக்கும். பழமொழியைச் சொன்னேன். "சீனாக்காரன் கருவாடு தின்பானா?" என்றாள், அதுதான் அவளுக்குச் செய்தி. தின்கிறார்கள், கொத்தின பன்றிக்கறி மேல் வைத்து ஆவியில் அவிக்கிறார்கள், சோற்றிலும் போட்டு வறுக்கிறார்கள் என்று மிஸ் சொன்னதைச் சொன்னேன். அம்மா பன்றி என்றதும் முகத்தைச் சுளித்துவிட்டு, சோறு வறுக்கிற விஷயத்தை மட்டும் விசாரித்தாள். தாகம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மிஸ் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். இதை அடிபட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்லாதே, குத்துகிற மாதிரி இருக்கும். உன்னைப் பற்றி நீயே சொல்லிக்கொள். அதனால் காலை 6:30 மணிப் புலம்பலுக்கு நான் அதைத்தான் என் மேலேயே போட்டுக்கொள்கிறேன். சம்பளம் ஹாங்காங்கிலிருந்து வருகிறது, தூக்கம் இங்கிருந்து போகிறது. கருவாடு, தாகம்.

இந்த 'டய்' என்கிற சொல்லைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். தாங்குவது என்று அர்த்தம் சொன்னேன் இல்லையா? அதே எழுத்து, அதே ஒலி, சந்தையில் 'கொடுத்த காசுக்குத் தகும்' என்றும் அர்த்தம். கத்தரிக்காய் மலிவாகக் கிடைத்தாலும் டய்தான்.

ஏழாவதில் ஒரு தொடர். கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'ஜா கெங் ஜவ் மெங்'. தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு விதிக்கு வளைந்து கொடுப்பது. கோபம் தொண்டை வரை வருகிறது, வெளியே விட்டால் வேலை போகும், வீடு போகும். அதனால் கையால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். நாம் பல்லைக் கடிப்போம், வயிற்றைக் கட்டுவோம், வாயைக் கட்டுவோம். கழுத்தைப் பிடிப்பதை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் குறுவை நெல்லைக் கொண்டுபோய் ஒரு கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு அப்பா ஆறு நாள் காத்திருந்தார். எந்த ஊர் என்று எழுதவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று முதல் நாள் திருப்பினார்கள். காயவைத்தார். அன்று மாலையே மழை. தார்ப்பாய் போட்டார். மறுபடி காயவைத்தார். அப்புறம் சாக்கு இல்லை. அப்புறம் லாரி இல்லை. கடைசி நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, அங்கே இருந்தவர் ஏதோ எரிந்து பேசினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அப்பா துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரிங்க தம்பி" என்றார். அந்தத் துண்டும் அந்தக் கையும் எனக்கு ஏழாவது பாடத்தில்தான் மறுபடி கண்முன் வந்தது. மிஸ் அடுத்த சொல்லுக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை செத்தால் இறங்கி நட என்பது 'மா ஸெய், லொக் டெய் ஹாங்'. பணம் போனவன், வண்டியை விற்றவன் சொல்வது. எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் அழுகையே இல்லை. ஊமை கசப்பு வேரைத் தின்ற கதை ஒன்று இருக்கிறது. நம் 'ஊமை கண்ட கனவு'க்கு ஒன்றுவிட்ட தம்பி. வேண்டா வெறுப்பாகச் செய்வதற்கு 'ஸெய் ஸெய் டெய் ஹெய்', இதில் ஸெய் என்றால் சாவு, இரண்டு தடவை. வேலை சொட்டுச் சொட்டாக மட்டும் வந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளை 'உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறான்' என்பார்கள், ஆஸ்பத்திரியில் சலைன் தொங்குகிற மாதிரி. இந்தக் கடைசிச் சொல்லில் சுரத்தைத் தவறவிட்டால் பச்சைக் கெட்ட வார்த்தை ஆகிவிடும் என்று மிஸ் கன்னம் சிவக்கச் சொன்னார். நான் இதுவரை வாயைத் திறந்து சொன்னதில்லை, தட்டச்சு மட்டும்.

இப்போது குறைகள். பயிற்சித்தாள் பற்றிச் சொல்லிவிட்டேன். பாடத்தை ரத்து செய்ய வேண்டும் என்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காசு போச்சு. பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாள் முன்கூட்டியே தெரியும், அதைச் சமாளிக்கலாம். எட்டாவது பாடத்தின்போது எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் 'டப்' என்றது. அது 24 மணி நேரம் முன்னால் எனக்குக் கடிதம் எழுதவில்லை. பாடம் 12 நிமிடத்தில் நின்றது. தளத்துக்கு நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று தொடங்கும் ஒரே பதில். பொறுமையைப் படிக்கக் காசு கட்டியவனிடம் பொறுமைக்கு நன்றி. ஙாங் ஸிக்! முழுங்கிவிட்டேன். மிஸ் மட்டும் அடுத்த பாடத்தில் தன் நேரத்திலிருந்து 15 நிமிடம் சேர்த்துக் கொடுத்தார். அது தளத்தின் தயவு இல்லை, அவருடைய தயவு.

பாடப் பதிவுகள் 30 நாளில் அழிந்துவிடும் என்பதை எங்கேயோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தபோது முதல் மூன்று பாடங்கள் போய்விட்டன. புத்தக அடுக்கு சரிந்ததும் அதில்தான் இருந்தது. சேர்கிறவர்கள் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மாலை 6 மணி எடுத்தேன், அங்கே 8:30. மிஸ் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருப்பார். 7 மணிக்கு மேல் போட்டால் அவருக்குக் கொட்டாவி வருகிறது. எழுத்து கற்றுத்தரமாட்டார்கள், பேச்சு மட்டும்தான். வாட்ஸாப்பில் வருகிறவற்றைப் படிக்க நானே அந்த நாற்பது ஐம்பது எழுத்துகளை ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டேன். இது உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த வகுப்பு போதாது.

பலன் இருந்ததா? போன மாதம் துறைமுகத்தில் நெரிசலாகி 40 கன்டெய்னர் தேங்கிப்போனது. காலை 6:40-க்கு அதே அக்கா, அதே நுரையீரல். இந்தத் தடவை நான் வெந்நீர் சொல்லவில்லை. 'டிங் ஜ்யூ' என்று இரண்டு எழுத்து போட்டேன். பதிலுக்கு ஒன்றும் எழுதாமல், அவர் கையில் இருந்த 40-இல் 22-ஐ எனக்குத் தள்ளிவிட்டார். இதற்கு முன்னால் அவர் எனக்கு நேரடியாக வேலை அனுப்பியதில்லை. மேலாளர் வழியாகத்தான் வரும். முட்டுக் கொடுக்கிறேன் என்று சொன்னால் கழியை ஊன்றித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு மதியச் சாப்பாடு 4 மணிக்கு.

ஹாங்காங் ஆட்களோடு வேலை பார்க்கிறவர்கள், அங்கே பெண்ணோ பையனோ இருக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வேண்டாம், ஓட்டல் பாடமே போதும். சேரும்போது ஆசிரியரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், தளத்தைப் பார்த்து இல்லை. என் கணக்கில் மிஸ்ஸுக்கு 5 நட்சத்திரம், தளத்துக்கு 2. இரண்டையும் சேர்த்து ஒரே பெட்டியில் போடச் சொல்கிறார்கள், 4 போட்டிருக்கிறேன். சம்பா அறுத்துக் காசு வந்ததும் இன்னொரு 10 பாடம் எடுப்பதாக இருக்கிறேன்.

கடைசிப் பாடம் முடிகிற நேரம் மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்: "டய் ம் டய் ஆ?" கொடுத்த காசுக்குத் தகுமா, தகாதா? மூன்று மாதம் படித்த திமிரில் நெஞ்சை நிமிர்த்தி, "டய்!" என்றேன்.

அவர் திரும்பித் தன் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். "எதைப் பார்க்கச் சொல்றீங்க?" என்றார்.